கம்பத்தில் கட்டிய மாத்திரை

அத்தியாயம் பன்னிரண்டு

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருந்தால் இறக்கி வைத்துவிட்டே வாருங்கள். இந்த வாரக் கதையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போக முடியாது. பயப்படுத்துகிற கதைதான். ஆனாலும் உங்களை நடுவழியில் நிற்க வைத்துவிட்டு நான் வீடு போய்ச் சேர்ந்ததில்லை, அது உங்களுக்கே தெரியும்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தவர்களுக்காக நாலு வரி. முதலமடையில் மாந்தோப்பு வைத்திருக்கிற செங்கோட்டையன் மார்கழியில் பேச்சை விட்டான், பிறகு சோற்றை விட்டான், பிறகு தூக்கத்தையும் விட்டான். மகளைப் பொள்ளாச்சியில் தன் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவன் மனைவி பொன்னாத்தாள் அவனைக் கூட்டிக்கொண்டு அலைந்தாள். கோயமுத்தூர் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பாலக்காட்டு ஆசுபத்திரியில் சரஸ்வதியம்மாள் என்று ஒரு அம்மாள், வியாழக்கிழமைதோறும் அவனை எதிரே உட்கார வைத்துப் பேசினாள். பேசினாள் என்பதைவிட, அவனைப் பேச வைத்தாள் என்பதே சரி. எட்டு வாரத்தில் தூக்கம் திரும்பியது. ஒரு நாள் மோரில் உப்பில்லை என்று கோபித்துக்கொண்டான். அந்தக் கோபத்தைப் பார்த்துப் பொன்னாத்தாள் வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிக்குப் போய், சந்தோஷம் தாங்காமல் அழுதாள்.

எது அவனைத் தேற்றியது என்று வீட்டில் இரண்டு கட்சி. அண்ணன் குப்பண்ணன் மாத்திரைக் கட்சி. அம்மா மருதாத்தாள் பேச்சுக் கட்சி. மாத்திரை மூளையை மரத்துப் போகச் செய்துவிடும் என்று அவளுக்கு உள்ளூர நடுக்கம்.

அந்தச் சமயத்தில்தான் மாரியம்மன் நோம்பி வந்தது. கோயில் முன்னால் மூன்று கவடு விட்ட கம்பம் நட்டார்கள். குப்பண்ணன் கையில் காப்புக் கட்டினார்கள். கம்பம் நட்டால், அதைப் பிடுங்கி ஆற்றில் விடுகிற வரைக்கும் பதினைந்து நாள், ஊர்க்காரர் யாரும் வெளியூரில் இராத் தங்கக் கூடாது; எந்த வீட்டிலும் கடுகு தாளிக்கக் கூடாது. மருதாத்தாள் ஒரு படி மேலே போனாள். மகனுடைய மாத்திரைக் குப்பியை மஞ்சள் துணியில் முடிந்து, வேப்பிலைக் கொத்தோடு சேர்த்துக் கம்பத்தின் கவட்டில் கட்டிவிட்டு வந்தாள். "இந்தப் பதினஞ்சு நாளும் அவனை ஆத்தா பாத்துக்குவா. அவ பாக்கறப்ப நடுவுல மாத்திரை எதுக்கு?" என்றாள்.

பொன்னாத்தாள் தடுக்கவில்லை. அவன் நன்றாகத்தானே இருந்தான்? போன வியாழக்கிழமை பாலக்காட்டுக்கும் போகவில்லை. மாத்திரையும் நின்றது, பேச்சும் நின்றது.

இன்று ஒன்பதாம் நாள். மறுபடியும் வியாழன். இனிக் கேளுங்கள்.

விடிந்தும் விடியாததுமாகச் செங்கோட்டையன் அவளைக் கூப்பிட்டான்.

"பொன்னா, எஞ்சின் ரூமுக்கு வா."

அவனாக வாயைத் திறந்து கூப்பிட்டு நாலு நாள் ஆகியிருந்தது. கையில் இருந்த சாணிச் சட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். தோப்புக்குத் தண்ணீர் இறைக்கிற ஆயில் எஞ்சின் முன்னால் அவன் நின்றுகொண்டிருந்தான். முந்தின நாளே துவைத்துக் காய வைத்த வேட்டி. கண்ணுக்குக் கீழே கரி பூசினாற்போல் கறுப்பு.

"இந்த லிவரைத் தூக்கு. தூக்கிட்டு ஹேண்டிலச் சுத்து."

"நானெதுக்குங்க? நீங்கதான் இருக்கறீங்களே."

"சுத்து."

சுற்றினாள். எஞ்சின் முனகிவிட்டு நின்றது.

"லிவரைத் தூக்காமச் சுத்துனீன்னா தோள்பட்டை எறங்கிரும். தூக்கி வெச்சுட்டுச் சும்மா நின்னீன்னா அது அப்பிடியே கெடக்கும். ரெண்டும் வேணும். வேகம் புடிச்சப்பறம் லிவரை உட்டுரு. அப்பறம் தானா ஓடும்."

மூன்றாம் தடவை புகையைக் கக்கிக்கொண்டு எஞ்சின் ஓடியது. பொன்னாத்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏழு வருஷக் குடித்தனத்தில் அவளை ஒரு நாளும் அந்த ஹேண்டிலைத் தொட விட்டதில்லை. சிரித்தபடி திரும்பிப் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை.

"செரி. உனக்குத் தெரிஞ்சு போச்சு. கெழக்கு வரிசைல எட்டாவது மரம் பிந்தித்தேன் முத்தும். அண்ணன் அவசரப்பட்டுப் பறிச்சிருவாரு, நீ உடாதே. நானில்லாட்டியும் பாத்துக்குவே."

"எங்கீங்க போறீங்க?"

"எங்க போறது" என்றான். வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா என்றுகூடப் பார்க்காமல் நடந்தான்.

பொன்னாத்தாள் அவன் போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அதை எப்படி நிறுத்துவது என்று அவன் சொல்லித் தரவில்லை.

சமையலறையில் மருதாத்தாள் தாளிக்காத சாற்றைக் கலக்கிக்கொண்டிருந்தாள். குப்பண்ணன் காப்புக் கட்டிய கையைத் தூக்கி வைத்துக்கொண்டு, மறு கையால் பழைய சோற்றைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தான்.

"அத்தை, அந்தக் குப்பிய அவுத்துக் குடுத்துருங்க. இவரு நெலமை எனக்கு நல்லாப் படலீங்க."

"என்னாச்சு இப்ப?"

"எஞ்சின் ஓட்டச் சொல்லிக் குடுக்கறாருங்க."

"நல்லதாப் போச்சு. பொண்டாட்டிக்கு வேல சொல்லிக் குடுக்கறானேன்னு சந்தோசப்படாம அழுவறயா? ஒம்போது நாளா உப்புச் சப்பில்லாத சாத்துல கெடக்கறான், வாய் செத்துப் போச்சு. கம்பம் போகட்டும். கடுகு தாளிச்சுக் கொட்டுனா எந்திரிச்சு உக்காந்துக்குவான்."

"கடுகுல சீக்குத் தீர்ந்தா அந்தக் கோயமுத்தூர் டாக்டரு கடுகுக் கடையில்ல வெச்சிருப்பாரு" என்றான் குப்பண்ணன்.

"நீ சோத்தக் குடிடா. காப்புக் கட்டுனவன் பேசற பேச்சா இது? மாத்திரை திங்கறப்ப வாய் வறண்டு போவுது, கை நடுங்குதுன்னு அவனே சொன்னான். பேசறாளே அந்தம்மா, அது செரி. பேச்சு ஆரையும் கெடுக்காது. அதுவே போதும்."

"அப்ப இன்னிக்கு அவரக் கூட்டிட்டுப் போறேனுங்க அத்தை. இன்னிக்கு வியாழக்கெழம."

மருதாத்தாள் கரண்டியை வைத்தாள். "எல்லை தாண்டற கூத்தெல்லாம் கம்பம் போனதுக்கப்பறம்."

"பகல்ல போய்ட்டுப் பொழுதோட வரலாமுங்கல்ல? இராத் தங்குனாத்தானுங்க குத்தம்."

மருதாத்தாள் மறுபடியும் கரண்டியை எடுத்துச் சாற்றைக் கலக்கினாள். வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த செங்கோட்டையன்தான் பதில் சொன்னான்.

"நான் வரல. எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. நீ வேணா போய்ட்டு வா."

இப்போது பொன்னாத்தாள் படுகிற பாட்டைப் பாருங்கள். மார்கழியிலிருந்து அவள் அவனைக் கண்ணை விட்டு அகல விட்டதில்லை. இரவில் சேலைத் தலைப்பை அவன் மணிக்கட்டில் முடிந்துகொண்டு படுத்தாள். அவன் சாப்பிட்டால் சாப்பிட்டாள். அவன் தோப்புக்குப் போனால் பின்னாலேயே போனாள். தங்கை வளைகாப்புக்குப் போகவில்லை. இப்படிப் பார்த்தும் என்ன ஆயிற்று? அவன் நழுவுகிறான். பிடித்துக்கொண்டிருக்கிற கையிலிருந்தே நழுவுகிறான். அவனை விட்டுப் போனால் ஒரு பயம். போகாமல் இருந்தால் இன்னொரு பயம்.

குப்பண்ணன் கைகழுவிவிட்டு அவள் பக்கம் வந்தான். கூடப்பிறந்தவன் மனைவியிடம் நேருக்கு நேர் நின்று பேசுகிற வழக்கம் அவனுக்குக் கிடையாது. தூணைப் பார்த்துத்தான் பேசினான்.

"போய்ட்டு வா அம்மிணி. காப்புக் கட்டுனவன் நான் எங்க போகப் போறேன்? அந்தம்மா பேச்சுல எனக்கு நம்பிக்கையில்ல. ஆனா உன்ற மூஞ்சியப் பாத்தா எனக்குப் பயமா இருக்குது."

"தனியா உட்ராதீங்க மாமா. பொடக்காளிக்குப் போனாலுஞ் செரி."

"உடமாட்டேன்."

ஒன்பது மணி பஸ்ஸில் ஏறினாள். கொல்லங்கோடு தாண்டுகிற வரைக்கும் அவள் கை, இல்லாத ஒரு முடிச்சைச் சேலைத் தலைப்பில் தேடிக்கொண்டே இருந்தது.

ஆசுபத்திரியின் பின்கட்டில், துணி அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு மேசை, மூன்று நாற்காலி. அதுதான் சரஸ்வதியம்மாளின் இடம். கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரி, நாற்பத்தைந்து வயது. மதராஸில் படித்துவிட்டு வந்து, மனசு நோய்க்காரர்களோடு பேசுவதே உத்தியோகமாக வைத்திருக்கிறாள். அவளுடைய தெருவிலேயே பாதிப் பேருக்கு அது என்ன உத்தியோகம் என்று இன்னும் விளங்கவில்லை.

"வாங்கோ பொன்னாத்தா. தனியாவா வந்தேள்? அவர் எங்கே?"

பொன்னாத்தாள் சொன்னாள். கம்பம், மஞ்சள் துணி, ஒன்பது நாள், நாலு நாளாய்ப் பேச்சில்லாதது, துவைத்த வேட்டி, எஞ்சின், எட்டாவது மரம், எல்லாம். சரஸ்வதியம்மாள் குறித்துக்கொண்டே வந்தாள். எஞ்சின் விஷயம் வந்தபோது மட்டும் எழுதுகிற பேனாவை மூடி வைத்தாள்.

"கடைசியா எப்போ சாப்பிட்டேள்?"

"நேத்து... மத்தியானமுங்க."

மேசைக்கு அடியிலிருந்து தூக்குப் பாத்திரம் வந்தது. "மோர்சாதமாக்கும். உங்க ஊர்க் காரம் இருக்காது. சகிச்சுண்டு சாப்பிடுங்கோ. சாப்பிட்டுண்டே கேளுங்கோ."

சாப்பிட்டாள். தண்ணீர் குடித்து இறக்கினாள்.

"உங்க மாமியார் என் கட்சி, ஆத்துக்காரரோட அண்ணா மருந்துக் கட்சி. அப்படித்தானே? ஆத்துக்குப் போனதும் ரெண்டு பேர்கிட்டேயும் சொல்லுங்கோ, எனக்கும் டாக்டருக்கும் நடுவுல சண்டையே கிடையாதுன்னு. சில பேருக்குப் பேச்சே போதும். சில பேருக்கு மருந்தே போதும். இவருக்கு இப்போ ரெண்டும் வேணும். நாள் கணக்காத் தூங்காத மனுஷன் என் எதிர்ல வந்து உக்காந்தா, நான் சொல்றது காதுல விழும், உள்ளே போகாது. மருந்து அவரைத் தூங்க வைக்கும், உக்கார வைக்கும். ஆனா 'நான் எதுக்கு இருக்கேன்'னு அவர் கேக்கறாரே, அதுக்கு மாத்திரை பதில் சொல்லாது."

பொன்னாத்தாள் கையில் சோற்றுருண்டையோடு நிமிர்ந்தாள்.

"லிவருந் தூக்கோணும், ஹேண்டிலுஞ் சுத்தோணும்" என்றாள், தனக்குத்தானே சொல்வது போல.

"என்ன?"

"ஒண்ணுமில்லீங்க. காலைல அவரே சொல்லிக் குடுத்தாருங்க." சொன்னவுடன் அழுகை வந்துவிட்டது.

அழட்டும் என்று விட்டுவிட்டுச் சரஸ்வதியம்மாள் காத்திருந்தாள். பிறகு சொன்னாள்: "இன்னிக்கு ஒரு காரியம் பண்ணணும் நீங்க. அவரை நேராக் கேக்கணும். செத்துப் போயிடலாம்னு தோணறதான்னு."

"ஐயோ!" பொன்னாத்தாள் எழுந்தே விட்டாள். "அதெப்பிடீங்க வாயால கேக்கறது? கேட்டா அந்த எண்ணத்த நாமளே ஊட்டிக் குடுத்தாப்பல ஆயிராதுங்களா?"

"ஆகாது. கேக்கறதுனால புதுசா அந்த எண்ணம் வராது. ஏற்கெனவே வந்திருந்தா, அதைத் தனியாத் தூக்கிண்டு நிக்கற மனுஷனுக்கு இறக்கி வைக்க ஒரு இடம் கிடைக்கும். எங்கே, என்கிட்டே சொல்லிப் பாருங்கோ. என்னை அவர்னு நெனைச்சுக்கோங்கோ."

பொன்னாத்தாள் வாயைத் திறந்தாள். வரவில்லை. இரண்டாம் தடவை, "ஏனுங்க, உங்களுக்கு..." என்பதோடு நின்றுவிட்டது. மூன்றாம் தடவை முழுதும் சொன்னாள். சொல்லி முடித்தபோது நெற்றி வேர்த்திருந்தது. துணி அலமாரிப் பக்கம் நின்றிருந்த ஆயா திரும்பிப் பார்த்துவிட்டு, தெரியாதவள் போலத் துணியை மடித்தாள்.

"அவர் ஆமான்னு சொன்னா?"

"ஓன்னு அழுவேனுங்க."

"அழலாம். ஆனா 'அப்படியெல்லாம் பேசாதீங்கோ'ன்னு வாயை அடைக்கப்படாது. புத்தி சொல்லப்படாது. சொன்னதுக்கு 'செரி'ன்னு கேட்டுக்கணும். அப்புறம் ஆத்துல மத்தவாளுக்கும் தெரியணும். இதை ரகசியமா வெச்சுக்கற விஷயம் இல்லை." கொஞ்சம் நிறுத்தினாள். "ராத்திரி தலைப்பைக் கட்டிண்டு படுக்கறேளே, தூங்கறேளா?"

"இல்லீங்க."

"அப்போ ரெண்டு பேரும் தூங்கறதில்லை. ஆத்துல இன்னும் ரெண்டு பேர் இருக்கா. இப்போ அவரைத் தனியா விடப்படாதுதான். ஆனா ராத்திரி முழுக்க நீங்களேதான் முழிச்சிருக்கணும்னு ஆர் சொன்னா? பங்கு போட்டுக்கோங்கோ. நீங்க விழுந்துட்டேள்னா அவருக்கு ஆர்?"

பக்கத்து அறை டாக்டரிடம் அவளே கூட்டிக்கொண்டு போனாள். அந்த மாத்திரை பாலக்காட்டில் இல்லை, கோயமுத்தூரில்தான் கிடைக்கும் என்றார் அவர். குப்பியில் இருப்பதை இன்றைக்கே எடுத்துப் பாதி மாத்திரையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்; குணம் தெரிய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்; அதுவரை ஆள் துணை வேண்டும்; நாளைக் காலை முதல் பஸ்ஸில் கோயமுத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

"அங்கே சில நாள் தங்க வேண்டியிருக்கும்" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

தங்க வேண்டியிருக்கும். அந்த ஒரு சொல்லைப் படித்தவுடன் பொன்னாத்தாள் கண் முன்னால் கம்பம் வந்து நின்றது.

"குப்பி உங்க கையில இருக்கட்டும்" என்று வாசல்வரை வந்து சொன்னாள் சரஸ்வதியம்மாள். "அவர் கையில வேண்டாம். அன்னன்னிக்கு உள்ளதை மட்டும் எடுத்துக் கொடுங்கோ."

திரும்புகிற பஸ் கொல்லங்கோடு தாண்டி ரயில்வே கேட்டில் நின்றது. பொள்ளாச்சிப் பக்கம் போகிற வண்டி வரவேண்டும். வரவில்லை. பத்து நிமிஷம். இருபது நிமிஷம். தென்மலை மேல் வெயில் மஞ்சளாகிக்கொண்டே வந்தது.

"கண்டக்டரே, எறங்கிப் போயி வண்டியத் தள்ளிட்டு வாரதா?" என்றார் மாங்காய்க் கூடைக்காரர் ஒருவர். பஸ்ஸே சிரித்தது. பொன்னாத்தாள் சிரிக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உதட்டுக்குள் அந்தக் கேள்வியைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல அதன் முள் மழுங்கியது. ஆனால் விளக்கு வைப்பதற்குள் போய்ச் சேர வேண்டுமே. மாமியார் என்ன சொல்வாளோ என்பதற்காக இல்லை. விளக்கு வைக்கிற நேரத்தில்தான் நாலு நாளாய் அவன் தோப்பைப் பார்த்து நடக்கிறான்.

வண்டி வந்தது. கேட் திறந்தது.

பஸ்ஸிலிருந்து இறங்கியவள் ஓடவில்லை, ஓட்டத்துக்குக் கொஞ்சம் குறைவாக நடந்தாள். மாங்காய்க் கொட்டகையில் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து, அடிபட்ட காயை ஒரு பக்கமும் நல்ல காயை ஒரு பக்கமும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இருக்கிறான். அவள் கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"காலைலயிருந்து நாலே வார்த்தைதான் பேசினான். அதுல ரெண்டு மாங்காயப் பத்தி" என்றான் குப்பண்ணன், கூடையைப் பார்த்தபடி.

பொன்னாத்தாள் வைக்கோல் மேல் கணவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். கணவனின் அண்ணன் பக்கத்தில் இருக்கிறானே என்று பார்க்கவில்லை.

"ஏனுங்க. உங்களுக்குச் செத்துப் போயிரலாம்னு தோணுதுங்களா?"

குப்பண்ணன் கையிலிருந்த காய் தரையில் உருண்டது.

செங்கோட்டையன் தன் கையிலிருந்த காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடிபட்ட இடம் தேடுகிறவன் போலப் பார்த்தான். பொன்னாத்தாள் ஒன்றும் சொல்லவில்லை. அப்படி ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருப்பதுதான் அன்று அவள் செய்த வேலைகளிலேயே பெரிய வேலை.

"ஆமா" என்றான்.

"எத்தன நாளாங்க?"

"கம்பம் நட்ட அஞ்சாம் நாள்லயிருந்து. பொழுது சாயறப்ப ரொம்ப."

"செரி" என்றாள். அந்தச் சொல்லைப் பாலக்காட்டிலிருந்து பத்திரமாகக் கொண்டு வந்திருந்தாள். "செரிங்க. சொன்னீங்களே. நான் இங்கதான் இருக்கறேன்."

"உனக்குப் பயமா இல்லியா?"

"இருக்குதுங்க. இந்தா பாருங்க, கை நடுங்கறத."

அவன் அந்தக் கையைப் பார்த்தான். "எனக்கும்" என்றான். ஒன்பது நாளில் முதல் தடவையாக அவன் முகம் அசைந்தது, கோணியது, அழுதது.

"தம்பி" என்றான் குப்பண்ணன். தம்பியின் முழங்காலில் கையை வைத்தான். காப்பில் பூசிய மஞ்சள் அவன் வேட்டியில் ஒட்டியது.

கொட்டகை வாசலில், கம்பத்துக்கு ஊற்ற எடுத்த தண்ணீர்க் குடத்தோடு மருதாத்தாள் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று யாருக்கும் தெரியாது.

"என்ன சாமி சொன்னே?" குரல் அவளுடையது போலவே இல்லை. "அம்மாகிட்ட இன்னொருக்கச் சொல்லு."

"உங்களையெல்லாம் உட்டுட்டுப் போற ஆசையில்லீங்கம்மா. இருக்கறதுக்குத் தெம்பில்ல."

அவள் அழுவாள், மாரில் அடித்துக்கொள்வாள், வாயை மூடுடா என்பாள் என்று பொன்னாத்தாள் பயந்தாள். ஆனால் மருதாத்தாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கோயிலைப் பார்த்து நடந்தாள்.

"நீயும் போ. நான் இருக்கறேன்" என்றான் குப்பண்ணன். பொன்னாத்தாள் கணவனைப் பார்த்தாள். அவன் தலையை அசைத்தான். பின்னாலேயே ஓடினாள்.

கம்பத்தைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பெண்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்றி ஊற்றி அடியில் சேறாகக் கிடந்தது. மருதாத்தாள் வரிசையில் நின்றாள், தன் முறை வந்ததும் தண்ணீரை ஊற்றினாள், கும்பிட்டாள். பிறகு குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கவட்டை நோக்கிக் கையை நீட்டினாள். கட்டும்போது எட்டிய கை இப்போது எட்டவில்லை. சேற்றில் எம்பி நிற்கக் கால் நிலைக்கவில்லை.

"ஏனுங் மருதாத்தாக்கா, நேந்து கட்டுனத நடுவுலயே அவுக்கறீங்க?" என்றாள் பக்கத்து வீட்டுச் சாந்தம்மாள். மற்ற பெண்கள் கையில் குடத்தோடு நின்றார்கள்.

ஊருக்கெல்லாம் இத்தனை நாள் சொன்னது வயிற்று நோவு. செங்கோட்டையனுக்குத் தீராத வயிற்று நோவு, அதற்குத்தான் வைத்தியம். அந்தப் பொய்யை வீடு வீடாகக் கொண்டுபோய் வைத்தவள் மருதாத்தாள்தான்.

"நேந்ததில்ல சாந்தா" என்றாள். எல்லோருக்கும் கேட்கிற குரல். "அது என்ற பையன் திங்கற மாத்திரை. அவனுக்கு வயித்து நோவுமில்ல, ஒண்ணுமில்ல. மனசுல சீக்கு. நாந்தேன் மறைச்சேன். ஆத்தா கோவிச்சுக்கறதுன்னா என்னைய கோவிச்சுக்கட்டும். அவனுக்கு மாத்திரை வேணும்."

சாந்தம்மாள் நெட்டைப் பெண். சேற்றில் ஒரு எட்டு முன்னால் வைத்து, கவட்டிலிருந்த வேப்பிலையை விலக்கி, முடிச்சைப் பல்லால் கடித்து இளக்கினாள். துணி அவிழ்ந்தது.

"கண்ணாடிக் குப்பிங்க்கா. பாத்துப் புடிங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மருதாத்தாள் அதை வாங்கித் திரும்பி, மருமகள் கையில் வைத்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் செங்கோட்டையன் பாதி மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தான். ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆகாது என்றும், நாளாகும் என்றும் இப்போது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அம்மா. அவனுக்குச் சாற்றுச் சோற்றைப் பிசைந்து ஊட்டப் போனவள், பிறகு வட்டிலை அவன் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

"இன்னிக்கி ராத்திரி நான் முழிச்சிருக்கறேன். நீ போய்ப் படு பொன்னா."

"இல்லீங்கத்தை, நானே..." என்று ஆரம்பித்த பொன்னாத்தாள் நிறுத்திக்கொண்டாள். "செரிங்கத்தை. படுக்கறேன்."

பிறகு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்து மாமியாரிடம் படித்துக் காட்டினாள். நாளைக் காலை முதல் பஸ். கோயமுத்தூர். சில நாள் தங்க வேண்டியிருக்கும். கம்பம் ஆற்றுக்குப் போக இன்னும் ஆறு நாள். அவளும் அவனும் எல்லை தாண்டித் தங்கினால் ஊர் என்ன சொல்லுமோ, அது ஒரு பக்கம். ஆள் துணையில்லாமல் அவள் ஒருத்தியாகவா அவனை அத்தனை தூரம் கூட்டிக்கொண்டு போவாள்? போகத் தெம்புள்ள ஆண் அந்த வீட்டில் ஒருவன்தான். அவன் கையில் காப்பு. காப்புக் கட்டியவன் எல்லையில் கால் வைத்தால் நோம்பியே நின்று போகும்.

மருதாத்தாள் பெரிய மகனைத் தேடித் திரும்பிப் பார்த்தாள். குப்பண்ணன் அங்கே இல்லை.

வாசலுக்கு வந்து பார்த்தாள் பொன்னாத்தாள். பூசாரி நஞ்சப்பன் வீட்டுத் தெருவில் அவன் தலைகுனிந்து நடந்துகொண்டிருந்தான். காப்புக் கட்டிய மணிக்கட்டை மறு கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டிருந்தான்.

அவன் அங்கே என்ன கேட்டான், பூசாரி என்ன சொன்னார் என்பதெல்லாம் அடுத்த வாரத்துக்கு இருக்கட்டும். இன்றைக்கு அந்த வீட்டில் ஒருத்தி மூன்று மாதத்துக்குப் பிறகு சேலைத் தலைப்பைத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டு தூங்கப் போகிறாள். நாமும் சத்தம் போடாமல் எழுந்து போவோம்.

என் கண்ணுகளா, உங்கள் வீட்டில் யாருக்காவது மனசு கனத்தால், கேட்கிறதுக்கு ஒரு வாயும் பதில் சொல்ல ஒரு வாயும் அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். வேண்டிய மருந்து வேண்டிய நாளில் கைக்கு எட்டட்டும். பார்த்துக்கொள்கிறவளையும் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருக்கட்டும். உங்கள் அடுப்பில் கடுகு பொரியட்டும், உங்கள் வாசல் விளக்கு அசையாமல் எரியட்டும், உங்கள் வீட்டில் எல்லோரும் விடிகிற வரைக்கும் நன்றாகத் தூங்கட்டும்.